சட்டையில் இரண்டு கை

கங்கு என்பது தெரு வைத்த பெயர். இஸ்திரிப் பெட்டியிலும் நெருப்பு, நாக்கிலும் நெருப்பு என்று வைத்தார்கள். தெருவுக்கு மின்விளக்கே வராத காலம் அது. ஊர்த் துணியெல்லாம் அவள் கரிப்பெட்டிக்கு அடியில்தான் நேரானது. ஊர் மட்டும் அவளிடம் நேராக நடந்துகொண்டதில்லை.

தெரு முழுக்க விறகு மண்டிக்காரருடைய சொத்து. கங்கு இருந்த அறையும் அவருடையதுதான். அவர் மனைவி மாடிப்படியில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்று அவரே சொன்னார். ஊரும் நம்பியது. நம்பாவிட்டால் குடியிருக்க முடியுமா?

அதற்குப் பிறகு அவருடைய சட்டைகள் மட்டும் சூடு பட்டதும் நெஞ்சுப் பக்கம் பழுப்பேறின. கங்கு தன் கை தவறிவிட்டது என்றே நினைத்தாள். தீய்ந்த துணியை இஸ்திரிக்காரர்கள் உற்றுப் பார்ப்பதில்லை, மறைப்பார்கள். கெட்டிக் கஞ்சியில் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துத் தடவி, உள்பக்கமாகத் தேய்த்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஒவ்வொரு சட்டையிலும் அதையே செய்தாள்.

ஒருநாள் கஞ்சி தீர்ந்துபோனது. சட்டையை அப்படியே விரித்துவைத்து அடுப்பை மூட்டப் போனவள், திரும்பி வந்து பார்த்துத் திடுக்கிட்டாள். இரண்டு உள்ளங்கைகள். விரல்கள் மேல்நோக்கி, ஒருவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி. வலக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கதவிடுக்கு வழியாக அழுக்குத் துணியை நீட்டிய மண்டிக்காரர் மனைவி, அந்த மகராசியின் விரல். "அடிப் பாவி, நீ எழுத எழுத நான் அழிச்சிட்டே இருந்திருக்கேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த மனிதருக்குத்தான் அவளுடைய அக்கா மகளை நிச்சயம் செய்திருந்தார்கள். அக்கா இறந்தபின் கங்கு தூக்கி வளர்த்த பெண். அக்கா புருஷனிடம் போய்ச் சட்டையைக் காட்டினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"துணியைத் தீய்ச்சுட்டுப் பேய் மேல பழி போடுறியா? வாயை மூடிட்டுப் போ."

பெண்ணோ அதற்கு மேல். "உங்களுக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு, சித்தி? நானாவது நல்லா இருந்துட்டுப் போறேனே."

சுருக்கென்றது கங்குவுக்கு. வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது.

கல்யாணச் சட்டையும் அவளிடமே வந்தது. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கைகள் தெளிவாக எழும்பும்வரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு கஞ்சி போட்டாள், ஆனால் மிக மெல்லிசாக. வியர்வை பட்டால் கரைந்துபோகிற அளவுக்கு.

மண்டிக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். "இப்பத்தான் உனக்கு வேலை தெரிஞ்சிருக்கு."

கல்யாணக் கூடத்தில் மூச்சு முட்டுகிற கூட்டம். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொன்று.

"கங்கு தீய்ச்சுட்டா! கழுதை, நல்ல நாள்ல வேலையைக் காட்டிட்டா!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். யாரோ அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். அவள் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டிக்காரர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டில் கூடமாட வேலை செய்த பெண் அவள். தலை வாரிவிட்ட அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? சட்டையருகே குனிந்து வளைந்த விரலைப் பார்த்தாள்.

"இது அக்கா கை. அவங்க தானா விழல, இல்ல?"

"அவதான் முதல்ல என்னைத் தள்ளினா!" என்றார் மண்டிக்காரர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். பெண் எழுந்து நடந்தாள்.

அதனால் தெரு திருந்திவிட்டது என்று நினைத்தால் நீங்கள் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. கங்குவும் பெண்ணும் திரும்பியபோது கங்குவின் அறைக்குப் பூட்டு தொங்கியது. 'சூனியக்காரி' என்று கதவில் கரியால் எழுதியிருந்தார்கள். அவளுடைய கரிதான். இஸ்திரிப் பெட்டி சாக்கடையில் கிடந்தது.

பெண் கல்யாணப் புடவையோடு சாக்கடையில் இறங்கி அதைத் தூக்கினாள்.

"கைப்பிடி உடைஞ்சிருக்கு, சித்தி."

"மாத்திக்கலாம். நீ மேல ஏறி வா."