கண்டக்டர் வாயைத் திறந்தால் இருட்டு

“நான் வாயைத் திறந்தா இந்த வீட்டு லைட்டுக்குப் பொறுக்கல!”

மகள் வீட்டில் குடியேறியதிலிருந்து கண்டக்டர் பாடிய பாட்டு இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா எட்டிப் பார்த்தால் அவரும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவருடைய சந்தேகம் ஓய்வு பெறவில்லை. முழங்காலை மடக்கி நின்று அரை டிக்கெட் கேட்ட வளர்ந்த பிள்ளைகளையெல்லாம் பிடித்த கண் அது. இப்போது எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை மேல் விழுந்திருந்தது.

மாப்பிள்ளை செய்த குற்றம் இவ்வளவுதான். பஸ் கம்பியைப் பிடித்துப் பிடித்தே மாமனாருக்குத் தோள் இறுகிவிட்டது. சுவிட்ச் வரைக்கும் கை எழும்பவில்லை. பார்க்கப் பொறுக்காமல் கூடத்துச் சுவரில் ஒரு குட்டிப் பெட்டியைப் பொருத்தினார். இருந்த இடத்திலிருந்தே கையால் இரண்டு தட்டு தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும்.

அன்று மாலையே வினை தொடங்கியது. காய்கறி விலையைப் பற்றிக் கண்டக்டர் தீர்ப்பு சொல்லி முடித்தார். பொசுக்கென்று இருட்டு. மறுநாள் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிச் சொன்னார். இருட்டு. கிசுகிசுவென்று பேசிப் பார்த்தார். அப்போதும் இருட்டு!

“பெட்டிக்குள்ள மைக்கு வச்சிருக்காரும்மா உன் வீட்டுக்காரரு!”

“மைக்கு இருக்குதான்ப்பா. அதுதானே தட்டுற சத்தத்தைக் கேக்குது.”

“பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட!”

ஒரு சாயங்காலம் பையைக் கட்டிவிட்டார். பழைய வாடகை அறைக்கே போகிறாராம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்தத் தோளை வச்சுக்கிட்டு தனியா சட்டைகூடப் போட முடியாதேப்பா!”

“என் வாயை அடைக்கிற வீட்டுல எனக்குச் சட்டை ஒரு கேடா? கிளம்புறேன், அவ்வளவுதான்!”

சொல்லிக்கொண்டே கதவில் தட், தட். இருட்டு.

“ஐயோ அப்பா, உங்க கை!”

மகள் கைதட்டி விளக்கைப் போட்டாள். பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி ‘போலாம் ரைட்’ சொல்லியே காலம் தள்ளிய கை அது. எதைச் சொல்லி முடித்தாலும் மேஜையிலோ சுவரிலோ சொந்தத் தொடையிலோ தட்டாமல் அடங்காது. வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனதால் ஒருவர் காதிலும் விழவில்லை. பெட்டிக்கு மட்டும் விழுந்தது.

“கதை விடாத” என்றார் கண்டக்டர்.

மகள் அவருடைய கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இப்ப சொல்லுங்க.”

“கிளம்புறேன், அவ்வளவுதான்!”

அவள் பிடிக்குள் கை இரண்டு முறை துள்ளியது. விளக்கு அசையாமல் எரிந்தது.

வாசலில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்ற மாப்பிள்ளை சிரிப்பை மென்று விழுங்கினார்.

“வேணும்னா மூணு தட்டுக்கு மாத்திடுறேன் மாமா.”

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பையைத் தொப்பென்று கீழே போட்டார்.

“மாத்துவீங்க மாப்பிள்ளை, ஏன் மாத்த மாட்டீங்க! அந்த மூணாவது தட்டுல என்னத்த ஒளிச்சு வைக்கப் போறீங்கன்னு கண்டுபிடிக்காம இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன், அவ்வளவுதான்!”