ஒட்டுப்பால் லோடும் நேசையன் மாட்டிய பெல்ட்டும்

தீய்ந்த ரப்பர் மணம்... டயரைக் கொளுத்தினால் வருமே, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் மணம். அமரவிளை நெருங்கும்போதெல்லாம் என் பிக்கப் வண்டிக்குள் அதுதான் நிறைந்திருக்கும்.

முப்பது வருடம் இருக்கும் மக்களே. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். அவளிடம் சொல்வதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிழக்கே மலையோரத் தோட்டங்களிலிருந்து நெய்யாற்றின்கரை குடோனுக்கு ஒட்டுப்பால் ஏற்றுவேன். ரப்பர் மரத்தின் வெட்டிலும் பால் பிடிக்கிற சிரட்டையிலும் உறைந்து கிடக்கிற மிச்சப் பால்தான் ஒட்டுப்பால். சாக்கில் கட்டி அடுக்கினால் ஒழுகும். நாற்றம் குடலைப் புரட்டும். வெளியூர்க்காரன் வண்டிப் பக்கமே வரமாட்டான்.

எங்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடக்கிறோம். அதனால்தான், ரப்பர் தீய்ந்தபோது வண்டியைச் சந்தேகப்பட்டேனே தவிர சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணம் தொடங்கிய அந்த வாரம்தான் நேசையன் வண்டிக்குப் புது ஃபேன் பெல்ட், இன்ஜினில் ஓடுமே ஒரு ரப்பர் பட்டை, அதை மாட்டித் தந்திருந்தான். எங்கள் சர்ச் சபைக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். அமரவிளையில் ஒர்க்‌ஷாப் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

குடோனில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவன் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். "எலே நேசையா, நீ போட்ட பெல்ட்டு தீயுது பாரு!"

கழற்றிப் பார்த்தான். திரும்ப மாட்டினான். "பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணே."

அடுத்த லோடில் மறுபடியும் மணம். மறுபடியும் கழற்றினான். கிளட்ச் பார்த்தான், பிரேக் பார்த்தான், நாலு வீலையும் கையால் தொட்டுச் சூடு பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது தடவை போனபோது சொன்னான்: "லோடு எறக்கிட்டு வரும்போ மணம் இல்ல அண்ணே. ஒருக்கா லோடோட கொண்டு வாருங்க, பாத்துருவோம்."

சரியான வழியைத்தான் சொன்னான். எனக்குத்தான் கோபம்... பக்கத்து டீக்கடையில் ஏழெட்டு டிரைவர்மார் இருந்தார்கள். அவர்கள் காது கேட்கவே பேசினேன்.

"வண்டிக்க தீனம் என்னான்னு கேட்டா, சாக்குக்க நாடி பாக்கணுமாக்கும்! பழைய பெல்ட்ட கழுவி மாட்டிட்டு புதுசுன்னு ஏய்க்கியான். இவன நம்பினா நடந்துதான் வீட்டுக்குப் போவணும், கேட்டியளா!"

"பெல்ட்டே போட்டானோ, இல்ல அரைஞாண் கயித்த அவுத்துக் கெட்டினானோ..." என்றான் ஒருவன். கடையே சிரித்தது.

நேசையன் முகம் கறுத்துவிட்டது. "நான் அப்படி செய்வேனா அண்ணே?" என்று மட்டும் கேட்டான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுவாரம், முழு லோடோடு வரும்போது டயர் பஞ்சர். ஜாக்கி வைக்கக் கீழே படுத்தேன்... அங்கே இருந்தது விஷயம். வண்டித் தட்டில் ஒரு ஓட்டை. சரியாக உறையாத பால் சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சூடான சைலன்ஸர்மேல் விழுந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டுப் புகைந்துகொண்டிருந்தது. லோடு இறக்கியபின் சொட்டுவதும் இல்லை, எரிவதும் இல்லை.

சுரண்டி எடுத்தேன். ஓட்டைமேல் ஒரு துண்டுத் தகரம் அடித்தேன். அதோடு மணம் போயிற்று.

அவனிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. கேட்டவர்களிடம், "வேற ஒர்க்‌ஷாப்புல செரியாக்கினேன்" என்றேன்.

அதன்பின் டிரைவர்மார் யாரும் நேசையனிடம் வண்டி விடவில்லை. ஆறு மாதத்தில் ஷெட்டைப் பூட்டினான். ஸ்பேனர் பிடித்தவன் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்ச் சாந்து சுமந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், நான் வேறு பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இத்தனை வருடமும்...

போன வாரம் என் மகன் வண்டியிலும் அதே மாதிரி தீய்ந்த மணம். இப்போதெல்லாம் வண்டியை மேலே தூக்கிவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப்காரப் பையன் போன் லைட்டை அடித்தான். சைலன்ஸரில் ஒரு பிளாஸ்டிக் கவர் உருகி ஒட்டியிருந்தது. இரண்டு நிமிட வேலை. யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேசையனைச் சபை வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவன் கேட்டதோ வேறு.

"அப்போ நான் மாட்டினது செரியாக்கும், இல்லியா அண்ணே?"

"செரியாக்கும் மக்கா."

"நான் எனக்க கைக்கு அந்த வேல வராதுன்னு நெனச்சுல்லா விட்டேன்..."

பிறகு அவன் சொன்னான்: "ஒருக்கா வீட்டுக்கு வந்து, இத எனக்க பெண்டாட்டிகிட்டயும் சொல்லணும் அண்ணே. அவளுக்க தங்க மாலைய வித்தாக்கும் அந்த ஷெட்டு போட்டது. இண்ணும் சொல்லிக் காட்டுவா. நான் சொன்னா நம்பமாட்டா."

வாறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போக வேண்டும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்... ஒன்றும் கிடைக்கவில்லை.