எத்திராஜ் பிடித்த பறக்கும் பல்லி

எண்ணூர்க் கழிமுகத்தில் நான் மளிகைக் கடை வைத்திருக்கும் குப்பத்தில், வெறும் எத்திராஜ் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரீல் எத்திராஜ் என்றால் நாய்கூட வீட்டைக் காட்டும். திமிங்கலம் தும்மித் தன் லுங்கி நனைந்தது, சுறா ஒன்று தன்னிடம் பீடிக்கு நெருப்பு கேட்டது என்று ஐம்பது வயது வரைக்கும் அளந்துகொண்டே வந்தவன். மீன்பிடித் தொழிலில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வாய்தான் படகைவிடப் பெரியது.

கையில் போன் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் பூண்டோடு அழிந்த பறக்கும் பல்லிகள் ஏதோ ஒரு தீவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று எவனோ வீடியோ போட, இவன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பாடமே நடத்தினான்.

“எறகே கெடையாது அண்ணாச்சி. முச்சூடும் தோலு. மூக்கு இம்மாம் நீளம். ஒன்னாவது எங்கியோ தப்பிச்சு கீதுன்றேன்.”

“தப்பிச்சது இங்கன வந்தா என்னத்துக்கு ஆகும்? இந்தக் கரண்டு ஆலைச் சாம்பலையும் புகையையும் பாத்தா திரும்பிப் பாக்காம ஓடிரும்லா” என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோபமாகப் போய்விட்டான்.

அந்த வருட டிசம்பர் வெள்ளத்தில், ஆற்றில் ஆயில் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் ஓடிவந்து சொன்னவன் இவன்தான். சொன்னது ரீல் எத்திராஜ் என்பதால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கழிமுகம் முழுக்க, ஆலையிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் தார் மாதிரி மிதந்தது. படகு, வலை எல்லாம் நாசம். அப்போதும், நீ சொன்னது சரிதானப்பா என்று ஒரு வாய் வார்த்தை எவனும் சொல்லவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு அடங்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு காலை, ஆற்றோரச் சகதியிலிருந்து எதையோ மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் இறக்கினான். கன்னங்கரேலென்று, நீண்ட கழுத்தோடு, ஆள் உயரத்துக்கு விரிந்த இறக்கையோடு கிடந்தது. இறகு என்று ஒன்றும் தெரியவில்லை. ஈரத் தோல்தான் மினுங்கியது. முக்கால் முழத்துக்கு மூக்கு. குப்பமே கூடிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், பொய் சொல்வானேன்.

“ரீலு ரீலுன்னு சொன்னீங்களேடா! பாத்துக்கோ! ஆறரைக் கோடி வருசமா டபாய்ச்சுகினு கீது!”

படகுக்காரன் திலீப் போனில் படம் எடுத்து அனுப்ப, டிவிக்காரர்கள் கிளம்பிவிட்டதாகச் சேதி வந்தது. நேற்றுவரை கிண்டலடித்தவனெல்லாம் எத்திராஜின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தான். இவன் என்னிடம் சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டான்.

அவன் மனைவி அங்கம்மா, காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள், அப்போதுதான் வந்தாள். கூட்டத்தை விலக்கி உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு மத்தியை எடுத்து அந்த ஜந்துவின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். மூக்கு திறந்தது. எண்ணெயில் ஒட்டிக் கிடந்த தாடைப் பை மெல்லப் பிரிந்து தொங்கியது. கூழைக்கடா! தினமும் இவர்கள் வலையில் திருடித் தின்று, தினமும் திட்டு வாங்கும் அதே வெள்ளைக் கூழைக்கடா. வெள்ளையாகவே பார்த்துப் பழகிய குப்பத்துக்கு, எண்ணெயில் ஊறி வந்ததும் அடையாளம் தெரியவில்லை. அவள் முதுகு மறைத்ததால், பார்த்தது எத்திராஜும் நானும் மட்டும்தான்.

“கய்வணும்யா. ஆயிலு முய்ங்கிகீது. செத்துப்பூடும்” என்றாள் அங்கம்மா மெதுவாக.

“டிவிக்காரன் வந்துட்டுப் போவட்டும் அங்கம்மா. ஒரே ஒரு தபா இவனுங்கோ என்னிய நம்பிகினு கீறானுங்கோ.” அவள் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினான். எனக்கே பாவமாக இருந்தது.

“ஆறரைக் கோடி வருசம் பொயச்சுதுன்னியே. உன் கையாலயா சாவணும்?”

அதன் கழுத்து தொய்ந்து அவன் முழங்காலில் விழுந்தது. அவன் ரோட்டைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு, “அண்ணாச்சி, பாத்திரம் கய்வுற லிக்விடு கீறதெல்லாம் எட்தா” என்றான்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் அவனே தேய்த்தான். அது அவன் கையைக் கடித்தது. பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் இறக்கையில் வெள்ளை தெரிந்தது.

“மாமு, பல்லிக்கு நரச்சுடுச்சு!” என்று திலீப் கத்த, குப்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எத்திராஜ் நிமிரவில்லை. எனக்கு அந்தத் திலீப்பை அறையலாம் போலிருந்தது.

டிவிக்காரர்கள் வந்தார்கள். பறவையைப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது” என்று எத்திராஜைக் கைகாட்டி நகர்த்தினார்கள். வனத்துறை வண்டி வந்தது. பூந்துவாலையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுவதுபோல் பதவிசாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் எத்திராஜ் அங்கேயே நின்றான். கழுத்து வரைக்கும் எண்ணெய். வாரிய தலையிலும் எண்ணெய். அங்கம்மா மிச்சமிருந்த லிக்விடைக் கையில் எடுத்தாள்.

“குந்துய்யா. உன்னிய ஏத்திகினு போவ ஒரு வண்டியும் வராது.”

அவன் குந்தினான். அவள் அவன் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.