வாசமில்லாத எண்ணெய்

கடைகளில் பொரித்து முடித்த எண்ணெயை எடுத்துப் போகிற வேலையில் எந்தக் கடையின் முகப்பும் நமக்குத் தெரியாது, பின்வாசல்தான் நம் விதி. பிசுக்கோடு வீடு திரும்பும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

விரல் சோதனை

சூலியா தெருவில் டிரம்மைத் தூக்குமுன் ஒரு விரலை விட்டு முகர்ந்து பார்ப்பேன். மீனா, கோழியா, வாழைப்பழமா என்று தெரிந்துவிடும். அந்த எண்ணெய் ஜுரு என்ற ஊரின் ஆலைக்குப் போய் டீசலாகிறது. முன்பெல்லாம் லோங்காங் என்கிற சாக்கடைக்குத்தான் போகும். அடைத்துக்கொண்டு, மழை வந்தால் கடைக்குள்ளேயே திரும்பி வரும். வாழைப்பழம் பொரிக்கும் அக்கா ஒருநாள் சொன்னார்: "நீங்க வந்தப்புறந்தான் தம்பி, லோங்காங் மூச்சு விடுது."

கதவைத் திறந்த வாசம்

என் லாரியும் அதே டீசலில்தான் ஓடுகிறது. புகையில் பொரித்த வாசம் அடிக்கும். ஒரு காலை, என் பட்டியலில் மூடிக்கிடந்த நாசி கண்டார் சோற்றுக் கடையின் பெயர் இருந்தது. கடைக்காரர் இறந்து இரண்டு மாதம். வண்டி நின்றதும் அவர் மனைவி பாத்திமா அக்கா, கணவர்தான் பொரிக்கிறாரோ என்பதுபோல் கதவைத் திறந்து ஓடிவந்து, புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பின்பக்க டிரம் நிறைந்துவிட்டது என்றார். "அவரு போனதுலேருந்து அடுப்பே பத்த வைக்கல தம்பி. எண்ணெய் மட்டும் வாராவாரம் ஏறுது. அவருதான் அனுப்புறாரோ?"

சட்டியைக் காணாதது

விரலை விட்டேன். எந்த வாசமும் இல்லை. சட்டியையே காணாத புதுப் பாமாயில். ஆலையில் கொடுத்த படிவத்தில், எண்ணெய் தந்தவர் என்ற இடத்தில் இறந்தவரின் கையெழுத்து, அன்றைய தேதியோடு. அதற்கடுத்த கட்டம் என் கையெழுத்துக்கு.

ஆலை சூப்பர்வைசரிடம் கேட்டேன், அவர் ஒளிக்கவில்லை. பழைய எண்ணெயில் செய்த டீசல் என்றால் அதை வாங்கும் வெளிநாட்டில் கேள்வியில்லையாம். புதியது என்றால் எந்தக் காட்டை அழித்துப் பாமாயில் மரமான செம்பனையை நட்டாய் என்று கேட்பார்களாம். அதனால் புதியதை மூடிய கடைகளில் ஊற்றி, பழையதாக எடுத்து வருகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வேலையில்லை என்றார். "மரம் போனா போகட்டும் அண்ணே, நீங்க சைன் போடுங்க லா."

காலிக் கட்டம்

படிவத்தைப் போனில் படமெடுத்து, போய் அக்காவிடம் காட்டினேன். கணவர் கையெழுத்தின் வால்கூட மாறவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். தேதியையும் என் காலிக் கட்டத்தையும் பார்த்ததும், எண்ணெய் அனுப்புவது கணவரில்லை என்று அக்காவே புரிந்துகொண்டார். "செத்தவரால கையை இழுத்துக்க முடியல தம்பி. உங்களால முடியும்."

நான் கையெழுத்துப் போடவில்லை; இப்போது பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் எனக்கு, 'பசுமை எரிபொருள்' என்று எழுதிய லாரி முன்னால் போகும்போது அதன் புகையில் ஒன்றுமே மணக்காவிட்டால்தான் பயம்.