மூணு சுழி

அலுவலகத்தில் அவளுக்குச் 'சாய்வக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு எழுத்துரு வரைகிற வேலை. ஒன்றரை வருஷமாக ஒரே எழுத்துருதான். தடித்து, அகன்று, வலப்பக்கம் சாய்ந்து, ஓட்டத்துக்குத் தயாரானவன் போல நிற்கிற எழுத்துகள். வண்டிகளிலும் விளம்பரப் பலகைகளிலும் போடுவதற்காக ஒரு பார்சல் கம்பெனி கேட்டிருந்தது. நேர் எழுத்தைச் சும்மா சாய்த்தால் வட்டமெல்லாம் நசுங்கிய தக்காளி மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வளைவையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். செய்து செய்து அவள் கழுத்துதான் ஒரு பக்கமாகப் போனது.

வேலை முடிகிற நேரத்தில், அச்சடித்த மாதிரித் தாள்களை வீட்டுச் சுவரில் ஒட்டினாள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பார்வை மங்கி, பேப்பர் படிப்பதை விட்டே இரண்டு வருஷமாகிறது. நாற்காலியில் இருந்தபடியே எதிர்ச்சுவரில் இருந்த பெரிய எழுத்துகளைப் படித்தார்.

"மனம் வீசும் சோப்பு. மனசு எப்படிம்மா வீசும்?"

"மணம்ப்பா. மூணு சுழி."

"எனக்கு ரெண்டுதான் தெரியுது."

அவள் அவர் பக்கத்தில் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். எழுத்தின் தடிமனில் ஒரு சுழி அடைந்து போயிருந்தது. திரையில் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தே பழகியதில் அது அவள் கண்ணில் படவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னாள்.

"போற வண்டியில யாரும்மா சுழி எண்ணப் போறாங்க? வெள்ளிக்கிழமை குடுத்தாகணும்."

"குடுத்துடறேன் சார். ஆனா இத மாத்தாம குடுக்க மாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார், அதற்குமேல் தடுக்கவில்லை. ணகரத்தை இன்னும் அகலமாக்கினாள். அது அகன்றதும் பக்கத்து எழுத்துகளோடு முட்டியது. ணி, ணீ, ணு, ணூ என்று வரிசையாக எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வரைந்தாள். வியாழக்கிழமை புதுத் தாளைப் பார்த்து அப்பா, "மணம்" என்றார். அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

இரண்டு மாதம் கழித்து, பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கம்பெனி வண்டியைப் பார்த்தாள். வண்டிக்கு எழுத்து ஒட்டியவர், கதவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடம் போதாமல், மொத்தப் பேரையும் இரண்டு பக்கமும் அழுத்திக் குறுக்கியிருந்தார். பேரில் இருந்த ணகரத்தில் அகலமும் போச்சு, சுழியும் போச்சு. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அலுவலகம் போனதும் முதலாளி, "அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். இதே எழுத்துல ஒல்லியா ஒண்ணு கேக்கறாங்க" என்றார்.

"ஒரு வாரம் லீவு வேணும் சார்."

அவர் காலண்டரைப் பார்த்தார். "மூணு நாள் எடுத்துக்கோம்மா."

முதல் நாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். அப்பா தட்டுத் தடுமாறி டீ போட்டுக் கொண்டுவந்தார். பாதி சாஸரில் கிடந்தது. கப்பில் இருந்ததைக் குடித்துவிட்டு, சாஸரில் இருந்ததையும் குடித்துவிட்டு, அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.