என் குடல் படத்தை மறைத்த தாயத்து

"…இரும்பு, பித்தளை ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணியே, அப்ப படத்துல வெள்ளையா வுழுந்து கீதே, இது இன்னாய்யா?" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். ஈரம் சொட்டும் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அது என் இடுப்புக் கயிற்றில் தொங்கிய செம்புத் தாயத்து. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கட்டியது. நோய் தீரும்வரை அவிழ்ப்பதில்லை என்று வேண்டியிருந்தேன். கடிகாரம், சாவி எல்லாம் கழற்றிக் கொடுத்தவன் இதை மட்டும் சொல்லவில்லை. தாயைப் போய்ச் செம்பு என்று யார் சொல்வார்கள்?

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. எனக்கோ நான்கு மாதமாக எது தின்றாலும் வயிறு முறுக்கி வாந்தி. கரும்பு வெட்டிய உடம்பு வற்றிப்போயிருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், பாண்டிச்சேரிக்குப் போ என்றிருந்தார் டாக்டர். போக வழியில்லை. அதனால் கள்ளக்குறிச்சியிலேயே எக்ஸ்ரேயில் குடலை வெள்ளையாகக் காட்டும் பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்கவைத்து, அது சிறுகுடலில் இறங்க இறங்கப் படம் எடுக்கச் சொன்னார். சுண்ணாம்பை விழுங்கினாற்போல இருந்தது. காலையிலிருந்து ஐந்து படம்; முதல் நான்கும் மேல்வயிற்றோடு நின்றன. சிறுகுடல் முடிகிற இடத்துக்கு மாவு வந்து சேர்ந்தபோது, சரியாக அதன்மேல் தாயத்து உட்கார்ந்திருந்தது.

விவரத்தைச் சொன்னேன். "உங்க மாரியம்மா உன் கொடலப் பாக்க வுடமாட்டேங்கறா. கழட்டு."

"மாட்டேங்க. வேண்டுதலுங்க."

"யோவ், மாவு நவுந்துட்டா போச்சி. இதான் கடைசிப் பொட்டலம். ரோடு தொறந்தாதான் அடுத்தது. அதுவரைக்கும் நீ தாங்குவியா?"

கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். சில்லென்ற மேசைமேல் கிடந்து அழுதேன். 'தாயே, உன்ன அவுக்கவும் முடியல, சாவவும் மனசில்ல. வூட்ல மூணு மாசக் கொழந்த. நீயே ஒரு வழி காட்டு.'

காட்டினாள். அன்றே தெளிவான படம் வந்தது. குடல் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. வேறு சோதனைகளும் பார்த்து, குடல் காசநோய் என்றார்கள். கத்தி படாமல், மாத்திரையிலேயே தேறினேன். தேறிய பிறகு கோயிலில்தான் கயிற்றை அவிழ்த்தேன்.

இப்போது கல்வராயன் மலையிலிருந்து வைத்தியத்துக்கு இறங்கி வருகிறவர்களுக்குத் துணையாகப் போகிறேன். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்பேன். உங்களுக்கும் சொல்கிறேன்: தாயிடம் நம்பிக் கேளுங்கள். பதில் யார் கையில் வரும் என்று மட்டும் நாம் முடிவு கட்ட வேண்டாம்.

எனக்கு வந்த கையைச் சொல்கிறேன். கோபமாக வெளியே போன அந்த மனிதர், குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். முடிச்சை அவர் தொடவில்லை. மெலிந்த உடம்பில் தளர்ந்து கிடந்த கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, ஒவ்வொரு விலா எலும்பாகத் தாண்டி, நெஞ்சுவரை மெல்ல ஏற்றிவைத்தார்.