‘எலிகன்ட்’ லேபிள்

மகளுக்கு வாங்கிய புது அகராதியைப் பிரித்ததும் எழுந்த அச்சு மையின் வாசனையில், ‘எலிகன்ட்’ என்ற சொல்லைத் தேடினேன். நேர்த்தியான அழகு என்று பொருளும், பலவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது என்ற லத்தீன் வேரும் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது நாரணாபுரத்தில், இப்போது வெறும் பொட்டலாகிவிட்ட ஒரு பட்டாசு ஆலைக் கொட்டகையில். பசை புளிக்கும் வாடையும் தாள்கள் உரசும் சத்தமும் பகலெல்லாம் நிறைந்திருக்கும் அங்கே, தங்க எழுத்தில் அந்தச் சொல் அச்சான லேபிள்களை மத்தாப்புப் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டிருப்பாள் என் அக்கா செல்வி. ஒரு சுருக்கம் விழாது.

அதைப் பார்த்துத்தான் போர்மேன் ஒருநாள், “உன் கை சுத்தமா இருக்கும்மா, நாளையிலருந்து மருந்து கலக்குற ரூமுக்கு வந்துரு,” என்றார். அக்காவுக்குப் பயம். அம்மாதான் பூரித்துப்போய், “அம்புட்டுப் பேர்ல உன்னயத்தான கூப்பிடுறாக, போ தாயி,” என்றாள்.

ஒரு வாரத்தில் அந்த அறை வெடித்தது. அக்கா திரும்பவில்லை.

அதன் பிறகு அம்மா சந்தைக்குப் போனால், “நல்லதாப் பாத்துப் பொறுக்கிக்கோங்க,” என்று கடைக்காரர் தக்காளிக் கூடையைத் தள்ளினாலும் கை வைக்க மாட்டாள். “நீங்களே அள்ளிப் போடுங்க,” என்று பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.